நிழலை அறியாத எண்

கால்நடை வளர்ப்பைப் பற்றி இன்று வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளிலும் வானிலை ஆலோசனைகளிலும் ஓர் எண் அடிக்கடி தலைகாட்டுகிறது. அதற்கு ‘வெப்ப-ஈரப்பதக் குறியீட்டெண்’ என்று பெயர். காற்றின் வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம் ஆகிய இரண்டை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். வெப்பத்தால் மாடு எவ்வளவு துன்பப்படுகிறது என்பதை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம் என்பது இதன் அடிப்படை.

அந்த எண்ணை விமர்சிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் இயற்பியல் ஆசிரியன். கால்நடை மருத்துவன் அல்லன். ஆகவே மாட்டின் நோயைப் பற்றிப் பேசப் போவதில்லை. வெப்பம் எவ்வழியாக வருகிறது, எவ்வழியாகப் போகிறது என்ற கணக்கை மட்டுமே பார்க்கப் போகிறோம். இந்த எண் தவறானது என்பதும் என் வாதமன்று. ஓரிடத்தில் சரியாக இருக்கும் ஒன்றை, அது பொருந்தாத இடத்துக்குக் கொண்டுபோகிறோம். அப்படிக் கொண்டுபோகும்போது மேய்ச்சல் நிலத்து மரம் கணக்கிலிருந்து காணாமற் போய்விடுகிறது என்பதே என் வாதம்.

எண் பிறந்த கதை

இந்த எண்ணின் மூதாதை மாட்டுக்காகப் பிறந்ததன்று. அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த தாம் என்பவர் 1959-ல் ‘அசௌகரிய எண்’ என்ற ஒன்றை விளக்கி எழுதினார். புழுக்கமான நாளில் மனிதர்களுக்கு எந்த அளவு அசௌகரியம் ஏற்படும் என்பதைக் கணிப்பதற்காக ஏற்பட்டது அது. பின்னர் அமெரிக்காவின் மிசௌரியில் கறவைப் பசுக்களைத் தட்பவெப்பக் கட்டுப்பாட்டு அறைகளில் நிறுத்தி ஆராய்ந்தார்கள். அறையின் வெப்பத்தையும் ஈரத்தையும் கூட்டினால் பால் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். 1964-ல் பால் குறைவையும் இந்த எண்ணையும் இணைக்கும் சமன்பாடு வெளியாயிற்று. இன்று பலரும் கையாளும் வாய்பாடு 1971-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் வெளியீட்டில் வந்தது.

வாய்பாடு எளிது. வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். காற்று எவ்வளவுக்கெவ்வளவு வறண்டிருக்கிறதோ அதற்கேற்ப அதிலிருந்து ஒரு தொகையைக் கழிக்க வேண்டும். காற்று ஈரத்தால் முற்றிலும் நிறைந்திருந்தால் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. கிடைக்கும் விடை 72-ஐத் தாண்டினால் கறவைப் பசுவுக்குத் துன்பம் தொடங்குகிறது என்பார்கள். 1970-ல் அமெரிக்காவில் வகுத்த கால்நடைப் பாதுகாப்பு அட்டவணை ஒன்று 75 முதல் 78 வரை எச்சரிக்கை, 79 முதல் 83 வரை ஆபத்து, 84-க்கு மேல் அவசர நிலை என்று பிரித்தது.

ஒரு செய்தியை இங்கே கவனிக்க வேண்டும். சோதனை நடந்தது அறைக்குள். அறைக்குள் சூரியன் இல்லை. மரமும் இல்லை. ஆகவே வெப்பம், ஈரம் என்ற இரண்டைக் கொண்டே பசுவின் நிலையை ஏறத்தாழச் சொல்ல முடிந்தது. அந்த அளவில் இது நல்ல அளவுகோல்தான்.

மூன்று கணக்குகள்

இப்போது இதே வாய்பாட்டைத் தாமிரபரணிக் கரைக்குக் கொண்டுவருவோம். கீழ்வருபவை அளந்த எண்கள் அல்ல. நம் பக்கத்துத் தட்பவெப்பத்தை ஒட்டி எடுத்துக்கொண்ட பயிற்சிக் கணக்குகள்.

முதற் கணக்கு: மார்கழி மாத விடியற்காலை. வெப்பநிலை 24 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 85 சதவிகிதம். மனிதர்கள் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போகும் நேரம். வாய்பாடு தரும் விடை ஏறத்தாழ 74. அதாவது, துன்பம் தொடங்கும் எல்லையாகிய 72-ஐ இந்த மார்கழிக் குளிரே தாண்டிவிடுகிறது! ஐரோப்பிய இனப் பசுவைக் கொண்டு வகுத்த எல்லைக்கோடு நம் ஊரில் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் மீறப்பட்டே கிடக்கும். எந்நேரமும் அடித்துக்கொண்டிருக்கும் மணியை யார் காதில் வாங்குவார்கள்?

இரண்டாம் கணக்கு: சித்திரை மாத நண்பகல். வெப்பநிலை 38 டிகிரி, ஈரப்பதம் 40 சதவிகிதம். விடை 86.4. அவசர நிலை. மாடு வெட்டவெளியில் நிற்கிறது.

மூன்றாம் கணக்கு: அதே நண்பகல், மாடு அருகிலுள்ள வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது. தனி மரத்தின் அடியில் காற்றின் வெப்பநிலை பெரிதாகக் குறைவதில்லை. சுற்றிலுமுள்ள சூடான காற்று வீசிக் கலந்துகொண்டே இருக்கிறது. ஒரு டிகிரி குறைந்து 37 டிகிரி, ஈரப்பதம் 42 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். விடை 85.6. இதுவும் அவசர நிலையே.

வெட்டவெளிக்கும் மரநிழலுக்கும் வித்தியாசம் முக்கால் அலகு! இந்த எண்ணை மட்டும் நம்பும் ஓர் அதிகாரி, மேய்ச்சல் நிலத்தில் மரம் வைப்பதற்குப் பணம் ஒதுக்குவது வீண் என்று முடிவு செய்தால் அவரைக் குறை கூற முடியாது. ஆனால் உச்சி வெயிலில் மாடு ஏன் மரத்தடிக்கு ஓடுகிறது? முக்கால் அலகுக்காகவா?

கருவி எங்கே நிற்கிறது?

வானிலை நிலையங்களில் வெள்ளையடித்த மரப்பெட்டி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். பக்கங்களில் சாய்ந்த பலகைச் சட்டங்கள் வைத்து, காற்று நுழையுமாறும் வெயில் நுழையாதவாறும் செய்திருப்பார்கள். இதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். இதை 1860-களில் வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன், ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை. கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர்.

வெப்பமானியை ஏன் பெட்டிக்குள் மறைக்க வேண்டும்? வெயிலில் வைத்தால் அது காற்றின் வெப்பநிலையைக் காட்டாது. சூரியக் கதிரை உறிஞ்சித் தானே சூடேறி, அதிகமாகக் காட்டும். ஆகவே கதிர்வீச்சை வேண்டுமென்றே விலக்குகிறோம். காற்றை அளப்பதற்கு இதுவே சரியான முறை.

சிக்கல் இதற்குப் பின்னர் வருகிறது. பெட்டிக்குள் கிடைத்த அளவை எடுத்து மாட்டின் துன்பத்தைக் கணக்கிடுகிறோம். கருவிக்கு மட்டும் ஒரு நிழல் கட்டிக் கொடுத்துவிட்டு, அந்தக் கருவியை வெயிலில் நிற்கும் மாட்டுக்குச் சாட்சியாக அழைக்கிறோம்! வெயிலையே காணாத சாட்சி நிழலின் அருமையை எப்படிச் சொல்லும்?

மாட்டின் வரவு செலவு

மாட்டின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38.5 டிகிரி. அது மாறாதிருக்க வேண்டுமானால், வரும் வெப்பமும் போகும் வெப்பமும் சமமாக இருக்க வேண்டும்.

வரவில் முதலாவது, உடலுக்குள்ளேயே உண்டாவது. தீனி செரிப்பதிலும் பால் சுரப்பதிலும் வெப்பம் பிறக்கிறது. நிறையப் பால் தரும் பெரிய கலப்பினப் பசு ஏறத்தாழ 1,000 வாட் வெப்பத்தை ஓயாமல் வெளியிடுகிறது. ஒரு சிறிய மின்சார இஸ்திரிப் பெட்டியை வயிற்றில் வைத்திருப்பது போல என்று சொல்லலாம்.

இரண்டாவது, வெயில். தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஏறத்தாழ 1,000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. மாட்டின் முதுகு வெயிலுக்குக் காட்டும் பரப்பு 1.5 சதுர மீட்டர் என்று கொள்வோம். கறுப்பு மயிர் விழும் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கை உறிஞ்சும். வெள்ளை மயிர் ஏறத்தாழப் பாதியை உறிஞ்சும். ஆக, கறுத்த மாட்டின் மேல் 1,350 வாட், வெளுத்த மாட்டின் மேல் 750 வாட். இதில் ஒரு பகுதி மயிரின் மேற்பரப்பிலிருந்தே காற்றுக்குத் திரும்பிவிடும். எல்லாமே தோலை எட்டுவதில்லை. இருந்தாலும் தொகை எத்தகையது என்பதைப் பாருங்கள். உடலே உண்டாக்கும் வெப்பத்துக்கு நிகரான இன்னொரு வெப்பச் சுமை, மேலிருந்து விழுகிறது. அந்த இரண்டாவது சுமைதான் குறியீட்டெண்ணில் இடம்பெறாதது.

செலவுப் பக்கம் என்ன? காற்று தோலைவிடக் குளிர்ந்திருந்தால், வீசும் காற்று வெப்பத்தை எடுத்துச் செல்லும். சித்திரை நண்பகலில் காற்று 38 டிகிரி, தோல் 36 டிகிரி என்றால் இந்த வழி அடைபட்டுப்போகிறது. மிஞ்சுவது வியர்வையும் மூச்சிரைப்பும்தான். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். இதைக் கொண்டு கணக்கிட்டால், 1,000 வாட் சுமையை ஆவியாதலால் மட்டும் இறக்க மணிக்கு ஒன்றரை லிட்டர் நீர் தேவை. தண்ணீர்த் தொட்டி ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கோடைக் காலத்தில் இது எளிய செலவன்று. மாடு மேய்வதை நிறுத்துகிறது, அசை போடுவது குறைகிறது, பால் குறைகிறது. மரத்தடிக்கு வந்தவுடன் வெயிற்சுமையில் பெரும்பகுதி இறங்கிவிடுகிறது.

தகரமும் இலையும்

நிழல்தானே வேண்டும், ஒரு தகரக் கொட்டகை போட்டால் போதாதா என்று கேட்கலாம். இங்கேதான் ஸ்டீபன்-போல்ட்ஸ்மன் விதி நமக்கு உதவுகிறது. ஒரு பொருள் வீசும் வெப்பக் கதிர்வீச்சு, அதன் தனி வெப்பநிலையின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

வெயிலில் காய்ந்த துருப்பிடித்த தகரம் 60 டிகிரிக்குச் சூடேறியிருக்கிறது எனக் கொள்வோம். கரும்பொருள் என்று வைத்துக் கணக்கிட்டால், அது ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 700 வாட்டைக் கீழ்நோக்கி வீசுகிறது. இலை நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் காற்றின் வெப்பநிலையை ஒட்டியே நிற்கும். 36 டிகிரி இலை வீசுவது 520 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. மாட்டின் தோலும் 36 டிகிரி. அதுவும் அதே அளவு வீசுகிறது. எனவே இலைக்கூரைக்குக் கீழே மாட்டின் முதுகு கொடுப்பதும் வாங்குவதும் சரிக்குச் சரி. தகரத்துக்குக் கீழே சதுர மீட்டருக்கு 180 வாட் நிகர வரவு. இரண்டும் நிழலே, ஆனால் ஒன்று அடுப்பின் பக்கத்திலுள்ள நிழல்.

தகரத்தை உயர்த்திக் கட்டினாலும், மேலே தென்னங்கீற்றைப் பரப்பினாலும், வெள்ளையடித்தாலும் இந்த வித்தியாசம் குறையும். கொட்டகையே கூடாது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்திலேயே தாழ்வான தகரக் கொட்டகை போடுவதைத்தான் ஏற்க முடியாது.

கொங்கு நாட்டுக் கொறங்காடு

மரமும் மேய்ச்சலும் சேர்ந்த ஏற்பாட்டுக்கு நம் மாநிலத்திலேயே சிறந்த எடுத்துக்காட்டு இருக்கிறது. காங்கேயம், தாராபுரம் பகுதிகளின் வறண்ட நிலங்களில் ‘கொறங்காடு’ என்ற மேய்ச்சல் காடுகள் உண்டு. சுற்றிலும் கிளுவை முள்வேலி. தரையில் கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரங்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் பேணி வளர்த்துப் புகழ்பெறச் செய்த காங்கேயம் மாட்டினம் இத்தகைய நிலங்களில் மேய்ந்து வளர்ந்ததே.

வெள்வேல மரத்தின் தலை குடைபோல விரிந்திருக்கும். இலைகளோ மிகச் சிறியவை. ஆகவே அது தருவது அடர்ந்த இருட்டு நிழலன்று. புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழும் நிழல். கீழே புல் சாவதில்லை. கோடையில் புல் காய்ந்த காலத்தில் மரத்தின் காய்கள் உதிர்ந்து தீனியாகின்றன. காங்கேயம் மாட்டின் வெளிர் நிறமும் வெயிலை ஓரளவு திருப்பி அனுப்புகிறது. மரம், புல், மாடு மூன்றும் ஒன்றுக்கொன்று ஏற்றவையாக அமைந்திருக்கின்றன. இவ்வளவும் குறியீட்டெண்ணின் கண்ணுக்குத் தெரியாது. கொறங்காட்டில் நின்றாலும், மரமேயில்லாத பொட்டலில் நின்றாலும் பெட்டிக்குள்ளிருக்கும் வெப்பமானி ஏறத்தாழ ஒரே அளவைத்தான் காட்டும். அத்தகைய நிலம் மனைகளாகக் கூறுபோடப்படும்போது மாடு எதை இழக்கிறது என்பதைக் கேட்டால், அந்த எண் வாய் திறக்காது.

பத்தமடையில் சூரியன்

நம் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் நிலை வேறு. இங்கே கொறங்காடு இல்லை. கால்வாய்ப் பாசன வயல்களில் அறுவடை முடிந்தபின் தாளில் ஆடு மாடுகள் மேய்கின்றன. மற்ற நாட்களில் வரப்போரம், குளத்தங்கரை, புறம்போக்கு. நெல்வயலின் நடுவே மரம் வைக்க யாரும் ஒப்பமாட்டார்கள், அது நியாயமே. கரையோரத்து மருதமும், குளத்துக் கருவேலமும், பாதையோர வேம்பும் புளியும்தான் ஆடு மாடுகளுக்கு நிழல்.

பத்தமடை ஏறத்தாழ 8.7 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் நடுவில், சித்திரை பிறக்கும் சமயத்தில், நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கடிகாரத்தில் அப்போது ஏறத்தாழ 12.20. மரத்தின் நிழல் அடிமரத்தைச் சுற்றியே கிடக்கும். அதன்பின் சூரியன் மணிக்கு 15 டிகிரி மேற்கே சாய்கிறது. 10 மீட்டர் உயரத்திலுள்ள கிளைத்தொகுதியின் நிழல் ஒரு மணி நேரத்தில் 2.7 மீட்டர் கிழக்கே நகரும். இரண்டு மணி நேரத்தில் 5.8 மீட்டர், மூன்று மணி நேரத்தில் 10 மீட்டர்.

இதிலிருந்து நடைமுறைக்குரிய உண்மை ஒன்று கிடைக்கிறது. அவிழ்த்துவிட்ட மாடு நிழலோடு தானும் நகர்ந்துகொள்ளும். அடிமரத்தில் குட்டைக் கயிற்றால் கட்டிய மாடு, நண்பகலில் நிழலில் இருந்து, வெப்பம் மிகுந்த பிற்பகல் மூன்று மணிக்கு வெயிலில் நிற்கும். முளையை மரத்துக்குக் கிழக்கே நாலைந்து மீட்டர் தள்ளி அடித்து, கயிற்றையும் சற்று நீளமாக விட்டால் இந்தத் துன்பம் குறையும். காசில்லாத வைத்தியம் இது.

பனையை நம்பி முளை அடிப்பதில் பயனில்லை என்பதும் இதே கணக்கால் விளங்கும். உயரம் மிகுதி, தலை சிறியது. நிழல் ஓரிடத்தில் நிற்காமல் ஓடிவிடும்.

மரத்தின் மேலுள்ள குறைகள்

எண்ணை விமர்சிக்கிறவன் மரத்தையும் விமர்சிக்க வேண்டும். மரத்தைப் பற்றிய பேச்சில் மிகைப்படுத்தல் மலிந்துவிட்டது.

மரத்தடியில் காற்று பல டிகிரி குளிர்ந்துவிடும் என்று மேடையில் சொல்வார்கள். தோப்புக்கு அது ஓரளவு பொருந்தலாம். தனி மரத்துக்குப் பொருந்தாது. அதன் பெரும் பயன் கதிர்வீச்சைத் தடுப்பதே. இரண்டாவதாக, ஒரே மரம் இருந்தால் மந்தை முழுவதும் அதனடியில் நெருக்கி நிற்கும். பக்கத்து மாட்டின் உடம்பும் 38.5 டிகிரி அடுப்புத்தானே! சாணமும் மூத்திரமும் சேர்ந்து சேறாகி, மடிநோய்க்கு இடம் கொடுக்கும். ஒரு பெரிய மரத்தைவிடப் பரவலாக நிற்கும் பல நடுத்தர மரங்கள் நல்லவை.

மூன்றாவதாக, இரவில் கணக்கு தலைகீழாகிறது. தெளிந்த இரவு வானம் வெப்பக் கதிர்வீச்சை வாங்கிக்கொள்ளும் பெரிய குளிர்ந்த கூரை. திறந்த வெளியில் படுத்த விலங்கு பகலில் சேர்ந்த வெப்பத்தை வானத்துக்கு வீசிவிடும். மரத்தடியில் இலைகள் அதைத் தடுத்துத் தம் கதிர்வீச்சைத் திருப்பித் தரும். வயலில் கிடை போடுவது உரத்துக்காகத்தான். ஆனாலும் பகலில் மரநிழல், இரவில் திறந்தவெளிக் கிடை என்ற வழக்கம் இயற்பியலுக்கும் ஒத்திருக்கிறது.

நான்காவது, இடி. தனித்து உயர்ந்த மரத்தில் மின்னல் பாய்ந்தால் மின்னோட்டம் தரையில் நாலாபுறமும் பரவும். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி மிகுதியாதலால், மாட்டின் கால்களுக்கிடையே மின்னழுத்த வேறுபாடும் மிகுதி. கோடைமழை இருட்டிக்கொண்டு வரும்போது மந்தையை ஒற்றை மரத்தடியில் விடக் கூடாது; மேய்ப்பவரும் அங்கே ஒதுங்கக் கூடாது.

வேறு அளவுகள் இல்லையா?

இருக்கின்றன. கறுப்பு வண்ணம் பூசிய, 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள செம்பு உருண்டையின் நடுவில் வெப்பமானியைச் செருகினால் அது காற்று, வெயில், தரை, கூரை எல்லாவற்றின் விளைவையும் சேர்த்துக் காட்டும். 1981-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பஃபிங்டனும் அவருடைய சகாக்களும் காற்று வெப்பநிலைக்குப் பதிலாக இந்த உருண்டையின் வெப்பநிலையை வைத்துப் புதிய குறியீட்டெண்ணை அமைத்தார்கள். 2006-ல் நெப்ராஸ்காவைச் சேர்ந்த மேடரும் சகாக்களும் பழைய எண்ணுக்கே காற்று வேகத்தையும் வெயிலையும் கொண்டு திருத்தம் தந்தார்கள். 2008-ல் ஆஸ்திரேலியாவின் காஹனும் பிறரும் மாட்டின் இனம், நிறம், நிழல் உண்டா இல்லையா என்பவற்றையும் கணக்கில் கொண்டார்கள்.

முன் கூறிய சித்திரை நண்பகலில் உருண்டை வெயிலில் 50 டிகிரி, மரநிழலில் 40 டிகிரி காட்டுகிறது என்று கொண்டால், 1981-ஆம் ஆண்டு வாய்பாட்டில் வெட்டவெளிக்கும் நிழலுக்கும் 10 அலகு வித்தியாசம் வரும். பழைய எண் காட்டியது முக்கால் அலகு. அப்படியிருந்தும் பழைய எண்ணே செல்வாக்கோடு இருப்பதற்குக் காரணம் அதன் வசதி. வெப்பமும் ஈரமும் எல்லா வானிலை நிலையங்களிலும் கிடைக்கின்றன; கறுப்பு உருண்டை கிடைப்பதில்லை. கைவசமுள்ள அளவையே உண்மை என்று எடுத்துக்கொள்வது அறிவியலில் அடிக்கடி நேரும் சோம்பல். இங்கே அந்தச் சோம்பலின் சுமை, கொட்டகை இல்லாமல் மேய்ச்சலையே நம்பியிருக்கும் ஏழை மாட்டுக்காரர் தலையில் விழுகிறது. அவருக்கு உதவக்கூடிய மலிவான பொருள் மரம். அந்த மரத்தின் மதிப்பைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டுகிறது இந்த எண்.

மாணவர்கள் இதைத் தாங்களே சோதிக்கலாம். மூன்று மேசைப்பந்துகளில் துளையிட்டு, வெப்பமானிகளைச் செருகி, மங்கலான கறுப்பு வண்ணம் பூசுங்கள். ஒன்றை வெட்டவெளியிலும், ஒன்றை மரத்தடியிலும், ஒன்றைத் தகரக் கொட்டகையிலும் மாட்டின் முதுகு உயரத்தில் தொங்கவிடுங்கள். இருபது நிமிடம் கழித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் வெயில் படாமல் மறைத்த சாதாரண வெப்பமானி ஒன்றும் இருக்கட்டும். சிறிய பந்தைக் காற்று எளிதில் குளிரச் செய்துவிடும். ஆதலால் செம்பு உருண்டையின் அளவோடு இதை ஒப்பிடாதீர்கள், பந்துகளை ஒன்றோடொன்று மட்டும் ஒப்பிடுங்கள். காலை பத்து மணி முதல் மாலை நாலு மணி வரை மணிக்கொரு முறை குறித்து, வரைபடம் வரையுங்கள். உங்கள் ஊர்க் குளத்தங்கரை மரங்களை வெட்டுவதா வைப்பதா என்ற பேச்சு கிராம சபையில் எழும்போது, அந்த வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.